நாய் வழுக்காத தரை: பழைய மொசைக்கை வைத்துக்கொண்டே செய்த வேலை

நாய் வளர்க்கிறவர்கள் டைல்ஸ் கடைக்குப் போனால் முதலில் கேட்பது "நகம் பட்டால் கீறல் விழாத டைல்ஸ் இருக்கா?" என்றுதான். கடைக்காரரும் விலை கூடிய ரகமாகப் பார்த்து எடுத்துக் காட்டுவார். நம் ஊரில் இந்தக் கேள்விக்கே அவசியம் இல்லை. கல்லின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் நகம் 2.5. சலவைக்கல் 3. கடப்பா, கோட்டா இரண்டும் சுண்ணாம்புக்கல் வகை, 3-லிருந்து 4. கிரானைட் 6-லிருந்து 7. அதாவது நம் வீடுகளில் போடுகிற கல் எதையும் நாய் நகத்தால் கீற முடியாது. கீறுவது மணல். மணல் என்றால் பெரும்பாலும் குவார்ட்ஸ், அது 7. தெருவில் திரிந்துவிட்டு வருகிற நாய் விரலிடுக்கில் மணலைக் கொண்டுவரும். அது தரைக்கும் காலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தேய்க்கும். டைல்ஸுக்குச் சதுர அடிக்கு 20 ரூபாய் கூடக் கொடுப்பதைவிட, வாசலில் நல்ல தேங்காய்நார் மிதியடி ஒன்று போட்டால் தரை அதிக நாள் தாங்கும்.

ஆக, தரை நாயைத் தாங்குமா என்பது பெரிய விஷயமில்லை. நாய் அந்தத் தரையில் தாங்குமா என்று பார்க்க வேண்டும். அடுத்ததாக மூத்திரம் எங்கே இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். அது டைல்ஸில் இறங்காது, இணைப்பில் இறங்கும். காசை இந்த இரண்டு இடத்தில் செலவழித்தால் போதும்.

வீடு மதுரையில், அப்பா 1984-ல் கட்டியது. ஹால் 12-க்கு 18 அடி, 10 இஞ்ச் மொசைக் கல் பதித்தது. பின்கட்டு அறை 10-க்கு 11, காவி போட்ட சிவப்பு சிமென்ட் தரை. தங்கச்சி கல்யாணத்துக்கு ஹால் மொசைக்கை மறுபடி தேய்த்து, கண்ணாடிபோல் பாலிஷ் ஏற்றினோம். அந்தப் பாலிஷ்தான் ஜிம்மிக்கு எமனாக வந்தது. ஜிம்மி லாப்ரடார், 9 வயது, 34 கிலோ. இடுப்பு மூட்டு தேய்ந்திருப்பதாக எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொன்னார். லாப்ரடாருக்கு இது அடிக்கடி வருகிற கோளாறு. எழுந்திருக்கும்போது பின்னங்கால் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாகப் பிரிந்து போகும். சமாளிக்க நகத்தை ஊன்றுவான். பூனைபோல் நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ள நாயால் முடியாது. வழுக்கும் தரையில் நகம் ஊன்றினால் இன்னும்தான் வழுக்கும். எடையைக் குறைக்க வேண்டும், உள்ளங்காலில் வளரும் முடியை வெட்ட வேண்டும், வழுக்காத இடத்தில் விட வேண்டும் என்று மூன்று சொன்னார் டாக்டர். முதல் இரண்டும் எங்கள் கையில் இருந்தன. மூன்றாவதுக்குத் தரையைத் தொட்டாக வேண்டும்.

என்னென்ன போடலாம் என்று பார்த்ததில் சிலவற்றைச் சீக்கிரமே தள்ளிவிட்டேன். லேமினேட் மரத்தூள் பலகை. இணைப்பில் ஈரம் இறங்கினால் உப்பிவிடும், நாய் வீட்டுக்கு அது பேச்சுக்கே இல்லை. வினைல் பலகையும், கல்பொடி கலந்த பிளாஸ்டிக்கான எஸ்பிசி பலகையும் தண்ணீர் தாங்கும், கால் பிடிக்கும், வெளிநாட்டு வீடியோக்களில் எல்லாரும் அதைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். குளிர் நாட்டுக்கு அது சரி. மதுரை மே மாதத்தில் நாய் தரையைத் தேடிப் போய்ப் படுப்பதே குளிர்ச்சிக்காகத்தான். கல் தரை உடம்புச் சூட்டை வாங்கிக்கொள்ளும், பிளாஸ்டிக் வாங்காது. போதாக்குறைக்கு வினைலின் மேல் இருக்கிற தேய்மானப் படலம் அரை மில்லிமீட்டரே நல்ல ரகம் என்கிறார்கள். நகத்தையும் மணலையும் அது எத்தனை வருஷம் தாங்கும்?

ஆத்தங்குடி கல் மேல் எனக்கு ஆசை உண்டு. ஆனால் அது சூளையில் சுட்ட ஓடு இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமென்ட் கலவையை ஊற்றி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போட்டு எடுப்பது. ஈரம் குடிக்கும், புளிப்பு பட்டால் கறை பிடிக்கும். தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து நாளாக நாளாக அதுவும் பளபளவென்று வழுக்கத் தொடங்கும். மூத்திரம் போகிற கிழட்டு நாய் இருக்கும் வீட்டில் வேண்டாம். பாலிஷ் போடாத கோட்டா நல்ல தேர்வுதான், விலையும் குறைவு, கால் நன்றாகப் பிடிக்கும். ஹாலில் புதிதாகத் தரை போடுவதாக இருந்திருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன்.

ஹாலில் புதிதாக எதுவுமே போட வேண்டாம் என்பது அப்புறம்தான் தோன்றியது. மொசைக் என்பது சலவைக்கல் சில்லும் சிமென்ட்டும். வழுக்குவது கல்லால் அல்ல, அதன் மேல் ஏற்றிய மெருகால். மெருகு ஏற்றுகிற அதே மிஷினால் மெருகை இறக்கவும் முடியும். பழைய தரை மேல் பசை போட்டு டைல்ஸ் ஒட்டினால் அரை இஞ்ச்சுக்கு மேல் உயரும். ஐந்து கதவையும் கழற்றி அடியில் அறுக்க வேண்டும், வாசல்படியின் உயரம் மாறும். இவ்வளவு ரோதனை எதற்கு?

மொசைக் தேய்க்கிறவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"பளபளன்னு வந்தாத்தான சார் வேலை முடிஞ்ச மாதிரி? மங்கலா விட்டா நான் பாதியில ஓடிட்டேன்னு சொல்லுவாங்க."

அம்மாவும் அவர் கட்சி. "ஏண்டா, காசு குடுத்து மங்கலாக்குறதா?"

சரி, பேசிப் பயனில்லை, செய்து பார்ப்போம் என்று பீரோ இருந்த மூலையைக் காலி பண்ணி, மூன்று இடத்தில் மாதிரி போடச் சொன்னேன். தேய்க்கிற கல்லுக்கு நம்பர் உண்டு. நம்பர் கூடக் கூட மெருகு கூடும். முதல் கட்டம் 120 நம்பர் கல்லோடு நிறுத்தியது, இரண்டாவது 220, மூன்றாவது 400. மூன்றிலும் தண்ணீர் தெளித்து வெறும் குதிகாலை அழுத்தி இழுத்துப் பார்த்தேன். 400-ல் கால் சர்ரென்று போனது. 220-ல் கொஞ்சம் இழுபட்டு நின்றது. 120-ல் நகரவே இல்லை. அப்புறம் ஜிம்மியை பிஸ்கட் காட்டி வரவழைத்தோம். மெருகுத் தரையில் வரும்போது பின்னங்காலை ஒடுக்கிக்கொண்டு கரக் கரக்கென்று நகச் சத்தத்தோடு வந்தவன், 220 கட்டத்தில் ஏறியதும் காலை அகட்டி இயல்பாக நின்றான், சத்தம் அடங்கியது. தரை தேய்க்கிறவர் வாயே திறக்கவில்லை. அம்மா மட்டும் மாப்பைக் கொண்டுவந்து மூன்றையும் துடைத்துப் பார்த்துவிட்டு, 120-ல் நூல் சிக்குகிறது, அழுக்கு போகாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். இரண்டு பேருக்கும் ஒத்து வந்தது 220.

வேலை நடக்கும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. தண்ணீர் விட்டுத் தேய்ப்பதால் தரையெங்கும் சிமென்ட் கூழ் ஓடும். அதைப் பாத்ரூம் குழியில் தள்ள விடாதீர்கள். குழாய்க்குள் படிந்து இறுகிவிட்டால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். வாளியில் அள்ளி மண்ணில் கொட்டச் சொல்லுங்கள். கீழே இருக்கும் பிளக் பாயின்ட்டை எல்லாம் டேப் போட்டு மூடுங்கள், சுவரோரம் ஒரு அடி உயரத்துக்கு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டுங்கள். முதல் தடவை தேய்த்ததும் பழைய கல்லில் குண்டூசி ஓட்டைகள் வெளியே தெரியும். வெள்ளை சிமென்ட்டில் நிறம் கலந்து அதையெல்லாம் அடைத்து, இறுக விட்டு, மறுபடி 220. கடைசியில் ஆக்சாலிக் பவுடர் போட்டு மெருகேற்றுவது அவர்களுக்குக் கைப்பழக்கம். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று வேண்டாமென்று தடுக்க வேண்டும்.

மெருகு இறங்கிய மொசைக் ஈரம் குடிக்கும், அதனால் சீலர் அவசியம். சீலரில் இரண்டு வகை. ஒன்று மேலே படலம் கட்டுவது, வார்னிஷ் பூசியதுபோல் இருக்கும். இன்னொன்று கல்லுக்குள் இறங்கி நுண்துளையில் தண்ணீர் ஒட்டாமல் செய்வது, பூசியதே தெரியாது. நாய் வீட்டுக்கு இரண்டாவதுதான். நகத்தால் உண்மையிலேயே கீறல் விழுவது இந்தப் படல வகையில்தான். நனைந்தால் வழுக்குவதும் அதுதான். உள்ளே இறங்குகிற சீலரை நன்றாகக் காய்ந்த தரையில் பூசி, உறிஞ்சியது போக மிச்சத்தைத் துணியால் துடைத்து எடுத்துவிட வேண்டும். மறுநாள் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் சரி, கல் கறுத்தால் இன்னொரு கை பூச வேண்டும். சில வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி பூசவும் வேண்டியிருக்கும்.

பின்கட்டு அறையின் கதை வேறு. ஜிம்மிக்கு அதுதான் ராத்திரி இடம். காவித் தரை வெடித்து, விரிசல் எல்லாம் மூத்திரம் குடித்து, மழைக்காலத்தில் கதவைத் திறந்தாலே மூக்கைத் துளைக்கும். மூத்திரத்தில் இருக்கும் யூரியாவை பாக்டீரியா அம்மோனியாவாக உடைப்பதால் வருகிற நெடி அது. சிமென்ட்டுக்குள் ஊறிவிட்டால் மேலே எவ்வளவு கழுவினாலும் போகாது. தட்டிப் பார்த்தால் பாதி இடத்தில் டொக் டொக் என்று உள்ளே பிடிப்பே இல்லாத சத்தம். அதன் மேல் எதை ஒட்டினாலும் சேர்ந்து பெயர்ந்துவிடும் என்பதால் பெயர்த்துவிட்டுப் புதிதாகத் தளம் போட்டோம். போடும்போதே கொல்லைக் கதவுப் பக்கம் அடிக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் இஞ்ச், வாட்டம் கொடுக்கச் சொன்னேன். 10 அடிக்கு ஒண்ணேகால் இஞ்ச். நடக்கிறவர்களுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். இந்த வாட்டம் இல்லாமல் நாய் அறைக்கு எவ்வளவு உயர்ந்த டைல்ஸ் போட்டும் பிரயோஜனம் இல்லை.

டைல்ஸ் மெருகில்லாத மேட் வகை விட்ரிஃபைட், 2-க்கு 2 அடி என்று சொல்வது, அளந்தால் 60 சென்டிமீட்டர். விட்ரிஃபைட் என்றால் தண்ணீர் குடிப்பது எடையில் அரை சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. சாதா செராமிக் அதைவிடப் பல மடங்கு குடிக்கும். கடையில் டைல்ஸைக் கவிழ்த்துப் பின்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாலே தெரிந்துவிடும். சொட்டு அப்படியே நின்றால் விட்ரிஃபைட், கறுத்து உள்ளே இறங்கினால் செராமிக். வழுக்காத தன்மைக்கு R9-லிருந்து R13 வரை ஒரு அளவு உண்டு. எண்ணெய் தடவிய சாய்வுப் பலகையில் ஆளை நடக்கவிட்டுப் பார்க்கிற ஜெர்மன் சோதனை அது. வீட்டுக்குள் R10 போதும். R11, அதற்கு மேல் எல்லாம் வாசலுக்கும் வண்டி நிறுத்துகிற இடத்துக்கும். வீட்டுக்குள் போட்டால் அம்மாவின் மாப்பு மறுபடி சிக்கும். நான் போன கடைகளில் R என்றால் என்ன என்று கேட்டார்கள். பெட்டியிலும் போட்டிருக்கவில்லை. அதனால் அங்கேயும் தண்ணீர் தெளித்துக் குதிகாலை இழுத்துத்தான் எடுத்தேன். கடைப் பையன் கொஞ்சம் நெளிந்தான்.

நிறம் பற்றி வீட்டில் ஒரு சண்டையே நடந்தது. ஜிம்மி வெளிர் மஞ்சள். முடி தெரியாத நிறமாக வாங்கலாம் என்றேன் நான். தெரிந்தால்தானே பெருக்க முடியும் என்றார் அம்மா. நடுச் சாம்பலில் சமாதானம் ஆனது.

கணக்கு: அறை 110 சதுர அடி. சுவரடியில் ஒட்டுகிற ஸ்கர்ட்டிங் பட்டை வழக்கமான 4 இஞ்ச் போதவில்லை, 6 இஞ்ச் வைத்தோம், அது ஒரு 18 சதுர அடி. வெட்டுச் சேதாரம் பத்தில் ஒரு பங்கு. மொத்தம் 140 சொச்சம். பெட்டிக்கு நாலு டைல்ஸ், 15.5 சதுர அடி. 10 பெட்டி எடுத்தோம், பத்திலும் ஒரே பேட்ச் நம்பர் இருக்கிறதா என்று பார்த்து. மிச்சம் பரணில் கிடக்கிறது. அடுத்த வருஷம் போய்க் கேட்டால் அதே பெயரில் வேறு நிறம் வரும்.

டைல்ஸ் மேஸ்திரிக்கும் எனக்கும் முட்டிக்கொண்டது இரண்டே விஷயத்தில். ஒன்று, அவர் சிமென்ட் பால் ஊற்றி ஒட்டுகிற பழக்கக்காரர். விட்ரிஃபைட் தண்ணீர் குடிக்காது என்பதால் சிமென்ட் பாலுக்குப் பிடிப்புக் குறைவு, போகப் போகக் கழன்றுவிடும். பசை மூட்டை வாங்கி, பல்லுள்ள கரணையால் முழுக்க இழுத்துவிட்டு ஒட்டச் சொன்னேன். 4 மூட்டை பிடித்தது. ஒட்டி முடிந்ததும் ஒரு ரூபாய்க் காசால் ஒவ்வொரு மூலையும் தட்டிப் பார்த்தோம். இரண்டாவது, இடைவெளி.

"ஒட்ட ஒட்டப் போடுறேண்ணே. கேப் விட்டா அழுக்குச் சேரும், பார்க்கவும் நல்லா இருக்காது."

"ஒட்டப் போட்டா எபாக்சி எங்க தம்பி இறங்கும்? 3 எம்எம் ஸ்பேசர் போடுங்க."

"எபாக்சியா? அதுக்குத் தனிக் கூலி ஆகும்ணே."

தனிக் கூலி கொடுக்க வேண்டியதுதான், கொடுத்தேன். இணைப்பை அடைக்க வழக்கமாகப் போடுகிற சிமென்ட் க்ரௌட் நுண்துளை உள்ளது. சுற்றி இருக்கிற டைல்ஸ் குடிக்காத மூத்திரத்தை எல்லாம் அது ஒன்றே குடிக்கும். அதற்குப் பதிலாகப் போடுகிற எபாக்சி குடிக்காது. பிசின், கெட்டியாக்கி, பொடி என்று மூன்றாக வரும், கலந்தால் அரை மணி முக்கால் மணிதான் கெடு. எங்கள் ஊர் வெயிலில் அதுவும் குறையும். அதனால் விடியற்காலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒருவர் இழுத்துக்கொண்டே போக இன்னொருவர் பின்னாலேயே ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டே போக வேண்டும். டைல்ஸ் மேல் படிந்த மங்கல் காய்ந்துவிட்டால் பிளேடு போட்டுச் சுரண்டினாலும் லேசில் வராது. மேட் டைல்ஸில் இன்னும் மோசம். அறை முழுக்க 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் ஆனது.

எபாக்சியைத் தரை இணைப்போடு நிறுத்தாமல் ஸ்கர்ட்டிங் தரையைத் தொடுகிற கோடு முழுக்க இழுக்க வேண்டும். ஆண் நாய் காலைத் தூக்குவது சுவரைப் பார்த்துத்தான். மூத்திரம் சுவரில் வழிந்து, ஸ்கர்ட்டிங்குக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற அந்த மயிரிழை இடுக்கில் இறங்கும். தரை நடுவில் எவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தாலும் நெடி கிளம்புவது அங்கேயிருந்துதான். மேஸ்திரிகள் அந்தக் கோட்டை வெள்ளை சிமென்ட்டால் ஒரு தடவு தடவிவிட்டுப் போய்விடுவார்கள். நான் முட்டி போட்டுத் தரையோடு தரையாக டார்ச் அடித்துப் பார்த்தேன். கதவு நிலைக்குப் பின்னால் ஒரு சாண் நீளம் விட்டுப்போயிருந்தது, அதையும் அடைத்தார்.

செலவு: ஹாலுக்குத் தேய்ப்பு, சீலர் எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய்க்குள். அதே ஹாலுக்குப் பசை போட்டு டைல்ஸ் என்றால் கதவு வேலை சேர்க்காமலே 26,000 ஆகும் என்றார்கள். பின்கட்டு அறைக்கு உடைப்பு, தளம், டைல்ஸ், எபாக்சி எல்லாமாக 24,000 பக்கம் வந்தது.

பராமரிப்பில் இரண்டு சொல்ல வேண்டும். மூத்திரக் கறைக்கு வினிகர் ஊற்று, எலுமிச்சை தேய் என்று எங்கே பார்த்தாலும் சொல்கிறார்கள். மொசைக், கோட்டா, கடப்பா, சலவைக்கல் எதிலும் அதைச் செய்யாதீர்கள். எல்லாவற்றிலும் கால்சியம் கார்பனேட் இருக்கிறது. புளிப்பு பட்டால் மேல்தோல் அரித்து வெள்ளை வட்டம் விழும், பாத்ரூம் ஆசிட் என்றால் நுரைத்தே விடும். சோப்புத் தண்ணீர் போதும், நெடி இருந்தால் நொதி கலந்த கிளீனர் கிடைக்கிறது. இன்னொன்று கறுப்பு பினாயில். அதில் இருக்கிற பீனால் வகை ரசாயனம் நாய்க்கு ஆகாது. தரையில் நடந்து அதே காலை நக்குகிற பிராணி அது. பூனை இருந்தால் இன்னும் ஆபத்து. அம்மோனியா கலந்த கிளீனரும் வேண்டாம். அதன் வாசனை மூத்திர வாசனைபோலவே இருப்பதால், துடைத்த இடத்திலேயே நாய் மறுபடி போகும்.

கல் தரையில் படுத்தே கிடக்கிற பெரிய நாய்க்கு முழங்கை காய்த்துப்போகும். ஜிம்மிக்கும் இருக்கிறது. மெத்தை போட்டால் மே மாதத்தில் சீந்த மாட்டான். இரண்டாக மடித்த சாக்குதான் ஒத்துவந்தது, அடியில் ரப்பர் வலை வைத்து நகராமல் செய்திருக்கிறோம்.

தரை மாறியதால் இடுப்புத் தேய்மானம் சரியாகிவிடவில்லை, ஆகாது. மாத்திரை தொடர்கிறது. ஆனால் எழுந்திருக்கக் கால் பிரிவதில்லை, ஹாலைக் குறுக்கே கடக்க யோசிப்பதில்லை. தரை தேய்த்தவர் ஒருநாள் வந்து ஜிம்மி நடப்பதைப் பார்த்துவிட்டு, வயசானவங்க இருக்கிற வீட்டுல இதைச் சொல்லலாம்போல சார் என்றார்.

பாக்கி இருப்பது வாசல்படி மூன்றும். மெருகு கிரானைட், மழை பெய்தால் மனுஷனுக்கே வழுக்கும். ஒட்டுகிற கரகர டேப் ஒட்டிப் பார்த்தோம், வெயிலில் பசை இளகி ஓரம் தூக்கிக்கொண்டது. நெருப்பில் காட்டிச் சொரசொரப்பாக்குவதைப் பதித்த கல்லில் செய்தால் விரிசல் விடும் என்று பயமுறுத்துகிறார்கள். உளியால் அம்மி கொத்துவதுபோல மேல்முகத்தை லேசாகக் கொத்திவிட ஒரு கல்தச்சரைப் பேசியிருக்கிறேன். படிக்கு 400 ரூபாய் கேட்கிறார். சித்திரைத் திருவிழா முடிந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.